கூட்டுறவுத் தளத்தில் பாட்டு விற்கலாமா? கணக்கின் திறப்பு யார் கையில் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தப்பு, உறுமி, கிற்றார் வைத்து ஐந்து பேர் சேர்ந்து எட்டுப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து முடித்திருக்கிறோம். ஆறு பாட்டுகள் நாங்களே எழுதியவை. ஒன்று தாத்தா காமன் கூத்தில் பாடியது, மற்றொன்று அம்மாயி பாடிய தாலாட்டு. கொழும்பிலிருந்து ஒருவர் 45,000 ரூபாய் கட்டினால் 150 தளங்களில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வருமானத்தில் 40 வீதம் அவருக்கு. கனடாவில் இருக்கும் சித்தப்பாவோ, கலைஞர்களே நடத்தும் கூட்டுறவுத் தளத்தில் விற்கச் சொல்கிறார். எதை நம்புவது? பாட்டு எங்கள் கையை விட்டுப் போய்விடுமா?

பதில்: தம்பி, சித்தப்பா காட்டுவது நல்ல வழி. ஆனால் அந்த வழியில் நடுவே ஒரு பாலம் உடைந்து கிடக்கிறது. அதை எப்படிக் கடப்பது என்று சொல்கிறேன். கொழும்புக்காரரிடம் கையெழுத்து வைக்க வேண்டாம். விலையைக் குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

முதலில் அந்த 150 தளங்களின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக் போன்ற கேட்புத் தளங்களுக்குப் பாட்டை அனுப்பிவைக்க விநியோக நிறுவனங்கள் என்று சில இணையத்தில் இருக்கின்றன. அவற்றில் யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம். சில நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கும், சில பாட்டுத் தொகுப்புக்கு ஒருமுறை வாங்கும். பாட்டையும் அட்டைப் படத்தையும் ஏற்றி, பெயர்களைப் பிழையில்லாமல் எழுதிவிட்டால் அது தானாகவே எல்லாத் தளங்களுக்கும் போகும். ஒரு மாலைப்பொழுது வேலை. அதற்குத்தான் 45,000 ரூபாய் கேட்கிறார்.

காசு போனாலும் உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அவர் அந்தக் கணக்கைத் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் திறப்பார். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. பாட்டு எத்தனை தடவை கேட்கப்பட்டது என்ற கணக்கெல்லாம் அந்த அடையாளத்தோடு ஒட்டியிருக்கும். நாளைக்கு நீங்கள் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால் அதே அடையாளத்தைக் கொண்டுபோக வேண்டும். அடையாளத்தைத் தேடி எடுத்தாலும், பழைய பதிவை இறக்கும் அதிகாரமும் அதன் வருமானமும் அவர் கணக்குக்குள் பூட்டியிருக்கும். கேட்டால் இன்றைக்கு, நாளைக்கு என்பார். பிறகு தொலைபேசியையே எடுக்கமாட்டார்.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. கங்காணி காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளியின் கடனை எழுதிய அந்தத் தாள் இல்லாமல் அவர் இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல் சட்டம் கொண்டுவந்துதான் அதை ஒழித்தார்கள். நூறு ஆண்டு கழித்து, நம் பிள்ளைகளின் பாட்டுக்கு மறுபடியும் துண்டு எழுத ஆள் வருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. எனக்கும் ஒருமுறை இது நடந்தது. ஒரு நிறுவனத்தை நம்பி ஆறு பாட்டுக் கொடுத்தேன். இன்றுவரை ஒரு கணக்குச் சீட்டும் வரவில்லை, பாட்டும் திரும்பவில்லை. நான் அன்று கையெழுத்து வைத்த தாளின் பிரதிகூட என்னிடம் இல்லை.

அவர் இன்னொரு பொதியும் வைத்திருப்பார்: "ஒரு மாதத்தில் ஒரு இலட்சம் பேர் கேட்கும்படி செய்கிறேன்." தொடவே தொடாதீர்கள். கேட்பது மனிதர்கள் அல்ல, இயந்திரங்கள். போலிக் கேட்புகள் அளவுக்கு மீறினால் 2024 முதல் ஸ்பொட்டிஃபை விநியோக நிறுவனத்திடம் பாட்டுக்கு மாதம் 10 யூரோ தண்டம் அறவிடுகிறது. அந்தத் தண்டம் கடைசியில் உங்கள் தலையில் விழும், பாட்டும் தளத்திலிருந்து இறங்கும். பொதி விற்றவர் தன் காசோடு போயிருப்பார்.

இனி கூட்டுறவுத் தளம். இது நமக்குப் பழகிய சங்கதிதான். நகரத்துப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தையும் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்: உறுப்பினருக்குத்தான் சங்கம் சொந்தம், ஆளுக்கு ஒரு வாக்கு. இணையத்தில் பாட்டு விற்கும் கடையையும் அப்படியே கலைஞர்களோ ஊழியர்களோ சொந்தமாக வைத்திருந்தால் அது கூட்டுறவுத் தளம். இந்த எண்ணம் இப்போது வலுத்ததற்குக் காரணம் பேண்ட்கேம்ப். 2008இல் வந்த அந்தத் தளம், விற்கும் பாட்டில் 15 வீதம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியது. 2022இல் அதை ஒரு கணினி விளையாட்டு நிறுவனம் வாங்கியது, 2023இல் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றது, அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். பாட்டுகளைக் கொடுத்து அந்தக் கடையை நிறைத்த கலைஞர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு மிர்லோ, சப்வெர்ட் போன்ற கூட்டுறவு முயற்சிகள் வளர்ந்தன. சப்வெர்ட்டில் ஆதரவாளர்கள் 100 டாலர் கொடுத்து உறுப்பினராகிறார்கள், கலைஞரிடம் அந்தக் கட்டணம் வாங்குவதில்லை. இந்த முயற்சிகளுக்கு முன்னோடி என்றால் 2015இல் தொடங்கிய ரெசோனேட். ஒரு பாட்டை ஒன்பது தடவை கேட்டுவிட்டால் அது கேட்டவருக்கே சொந்தம் என்ற ஏற்பாட்டை அது வைத்திருந்தது.

கூட்டுறவு என்பதால் மூடாது என்று நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் இருந்த ஆம்ப்பிள்ட் 2023இல் கடையைச் சாத்தியது. ஆகவே மூல ஒலிப்பதிவைச் சுருக்காமல் இரண்டு பென்ட்ரைவில் இரண்டு வீட்டில் வையுங்கள். வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை மாதம் ஒருமுறை உங்கள் கொப்பியில் இறக்கிக்கொள்ளுங்கள். தளம் மூடினாலும் ஆட்கள் உங்களோடு இருப்பார்கள்.

விற்பதால் என்ன பயன் என்று ஐவரில் யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கேட்புத் தளத்தில் ஒரு தடவை கேட்டால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு சதத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் அமெரிக்கச் சதம். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை ஒன்றுமே தருவதில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேராவது, அதாவது அரை நாள் சம்பளமாவது, போடுவார்கள். இங்கே அதுவும் இல்லை. நூறு பேர் உங்கள் தொகுப்பை 5 டாலருக்கு வாங்கினால் 500 டாலர். அதே 500 டாலரைக் கேட்பில் எடுக்க ஒன்றரை இலட்சம் தடவை பாட்டு ஓட வேண்டும். அந்த நூறு பேர் உங்களுக்கு இருக்கிறார்கள்: டொரொன்டோவில், லண்டனில், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி நீலகிரிப் பக்கம் குடியேறிய உறவுகளின் வீடுகளில். தப்புச் சத்தம் கேட்டால் அவர்கள் வாங்குவார்கள்.

உடைந்த பாலம் என்றேனே, அது பணம் வந்துசேரும் இடம். இத்தகைய தளங்கள் கலைஞருக்குப் பணம் அனுப்புவது பெரும்பாலும் பேபால் அல்லது ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை வழியாக. இலங்கையில் பேபால் கணக்கு வைத்து வெளிநாட்டுக்குக் காசு கொடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வாங்க முடியாத நிலைதான் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஸ்ட்ரைப்போ இலங்கை முகவரிக்குக் கணக்கே கொடுப்பதில்லை. விரைவில் சரியாகிவிடும் என்று ஆட்சிக்கு ஆட்சி அறிவிப்பு வருகிறது. டாலர் இல்லாமல் 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாடு, டாலர் சம்பாதித்துத் தரத் தயாராக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட இத்தனை காலம் எடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். "என் கணக்குக்கு வரட்டும், பிறகு தருகிறேன்" என்பது அவர்கள் தொழிலின் மூலதனம்.

உங்களுக்குச் சித்தப்பா இருப்பது நல்லதாயிற்று. தளத்தின் கணக்கைக் குழுவுக்கென்று ஒரு புது மின்னஞ்சல் திறந்து, அதில் தொடங்குங்கள். கடவுச்சொல் உங்களில் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பணம் வாங்கும் கணக்கு மட்டும் சித்தப்பா பெயரில் கனடாவில் இருக்கலாம். அவர் வசூலித்து அனுப்புபவர் மட்டுமே, பாட்டின் உரிமை ஐவருக்கே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள். சித்தப்பாவிடமே எழுதி வாங்குவதா என்று கூச்சப்படாதீர்கள். அந்தப் பணம் அங்கே அவர் வருமானமாகத் தெரியும்; வரிக்காரர் கேட்டால் காட்ட அவருக்கும் அந்தத் தாள் தேவை. பிறகு நீங்கள் எழுதியவற்றில் ஒரே ஒரு பாட்டை ஒரு டாலருக்குப் போட்டு, தெரிந்தவர் ஒருவரை வாங்கச் சொல்லுங்கள். அந்த ஒரு டாலர் எந்த நாளில் சித்தப்பா கணக்குக்கு வந்தது, அதில் எவ்வளவு கழிந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் நீங்கள் எழுதிய மற்ற ஐந்து பாட்டுகளும் ஏற வேண்டும். உள்ளூரில் வாங்குபவர்களுக்கு இந்தச் சுற்றே வேண்டாம்: வங்கிக் கணக்கு இலக்கம், கைபேசியில் காசு கட்டும் லங்கா கியூ.ஆர்., திருவிழாவில் பென்ட்ரைவ்.

அடுத்து, பாட்டு கையை விட்டுப் போகுமா என்ற பயம். நீங்கள் எழுதிய ஆறு பாட்டுகளுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உருவான கணத்திலிருந்தே பதிப்புரிமை உண்டு. எங்கும் பதிய வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டும் அது நிற்கும். "பதிந்து தருகிறேன், 15,000 கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆகவே நீங்கள் கையெழுத்து வைக்காதவரை பாட்டு போகாது. தாளில் 'உரிமை மாற்றம்', 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்கள் இருந்தால் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தாத்தாவின் பாட்டும் அம்மாயியின் தாலாட்டும் வேறு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் நல்ல மனதுள்ள குழுக்களே பிறருக்குத் தீங்கு செய்துவிடுகின்றன. மாசி மாதம் மன்மதனும் ரதியும் வந்து ஆடும் அந்தக் கூத்தின் பாட்டு எந்த ஒரு தனி ஆளுக்கும் சொந்தமல்ல. மஸ்கெலியாவிலும் பதுளையிலும் அதே மெட்டில், நாலு சொல் மாறிப் பாடுகிறார்கள். உங்களுக்குச் சொந்தமானது நீங்கள் செய்த ஒலிப்பதிவு. கிற்றார் சேர்த்து நீங்கள் புதிதாக அமைத்த பகுதியும் உங்களுடையது. மெட்டு அல்ல, பழைய வரிகளும் அல்ல. கேட்புத் தளங்களுக்கும் நீங்களே அனுப்புவதானால், விநியோக நிறுவனத்தின் படிவத்தில் 'இயற்றியவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதாதீர்கள், தாத்தா பெயரையும் எழுதாதீர்கள். 'மரபுப் பாடல்' என்று எழுதுங்கள். அதே படிவத்தில் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி, அதாவது பிறர் ஏற்றும் காணொளிகளில் உங்கள் பாட்டைத் தேடும் இயந்திரம், வேண்டுமா என்று ஒரு பெட்டி இருக்கும். இந்த இரண்டு பாட்டுக்கும் அந்தப் பெட்டியில் அடையாளம் போடவே கூடாது. போட்டால் என்ன ஆகும்? அந்த இயந்திரம் ஒலியையும் மெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொகவந்தலாவையில் ஒரு பெரியவர் தன் தோட்டத்துக் கூத்தைக் கைபேசியில் எடுத்து ஏற்றியிருந்தால், "இது உங்கள் பாட்டு அல்ல" என்று அவருக்கு அறிவிப்புப் போகலாம். அவருடைய தாத்தாவின் பாட்டுக்கு அவரையே திருடன் ஆக்கிய பாவம் நமக்கு வேண்டாம். கொழும்புக்காரர் இதைக் கேட்கமாட்டார்; எல்லாப் பெட்டியிலும் அடையாளம் போடுவார், ஏனென்றால் வரும் சில்லறையில் 40 வீதம் அவருக்கு.

அதே சட்டம் நாட்டார் கலையை அதன் வழக்கமான சூழலுக்கு வெளியேயோ வணிகத்துக்கோ பயன்படுத்த அனுமதி பெறுவது பற்றியும் பேசுகிறது. ஆகவே விற்பனைக்கு வைக்கும் முன் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு, இந்த இரண்டு பாட்டையும் விளக்கி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். பதில் வரும்வரை ஆறு பாட்டை விற்றுக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, ஐவருக்குள். ஒரு சி.ஆர். கொப்பியில், பாட்டுக்கு ஒரு பக்கமாக, வரி எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், ஆளுக்கு எத்தனை வீதம் என்று எழுதி ஐவரும் கையெழுத்து வையுங்கள். உங்கள் பகுதிச் சமாதான நீதவானிடம் காட்டித் திகதியோடு உறுதிப்படுத்தி வாங்குங்கள். உறுமிக்காரர் கொழும்பில் வேலை கிடைத்துப் போனால் அவர் பங்கு என்ன என்பதையும் இப்போதே எழுதுங்கள். காசு வந்த பிறகு அதைப் பேசுவது கடினம்.

கொழும்புக்காரருக்கு முற்பணம் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால், பாட்டுக் கோப்புகளையும் கொடுத்தீர்களா என்று உடனே எனக்கு எழுதுங்கள். கோப்புகளைக் கொடுத்திருந்தால் இன்று இரவே உங்கள் பாட்டின் பெயரையும் குழுவின் பெயரையும் ஸ்பொட்டிஃபையிலும் யூடியூப்பிலும் தேடிப் பாருங்கள்.