கிழக் குதிரைக்கு எந்தப் படுக்கை?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா வண்டிக்கு வைத்திருந்த பெட்டைக் குதிரைக்கு இப்போது 24 வயது. வேலை ஏதும் வாங்குவதில்லை, வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சிமெண்ட் தரையில் வைக்கோல் பரப்புகிறோம். விடிவதற்குள் அத்தனையும் நனைந்து நாறுகிறது. ஒரு மாதமாகப் படுப்பதே இல்லை, நின்றபடிதான் தூங்குகிறது. உமி, மரத்தூள், தென்னை நார்த்தூள் இவற்றில் எது ஈரத்தை நன்றாக உறிஞ்சும்?

பதில்: உழைத்து ஓய்ந்த குதிரையை விற்றுவிடாமல் வைத்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம் ஐயா. நீங்கள் ஈரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடக் கவலை, அது படுப்பதில்லை என்பதுதான். குதிரை நின்றபடி கண் அயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் வரும். நாளுக்கு அரை மணி நேரமாவது படுத்தாக வேண்டும். முன்னங்கால் முட்டியிலும் அதற்குக் கீழே கணுவின் முன்பக்கத்திலும் சிராய்ப்போ, முடி உதிர்ந்த தழும்போ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் தூக்கச் சொக்கில் கால் மடங்கி விழுகிறது என்று அர்த்தம். மூட்டு வலி உள்ள கிழக் குதிரை, எழும்போது கால் வழுக்கும் என்று பயந்தே படுக்காது. நனைந்த வைக்கோலுக்கு அடியில் சிமெண்ட் என்றால் வழுக்கத்தானே செய்யும்?

அதனால் கீழே ஈரத்தை இழுப்பதும், காலுக்குப் பிடிமானம் கொடுப்பதுமாக ஒரு படுக்கை வேண்டும். நான் சொல்வது தென்னை நார்த்தூள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் நார் ஆலைகளில் கிடைக்கும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காய்ந்த வைக்கோல், உமி, நார்த்தூள் மூன்றிலும் ஒவ்வொரு கிலோ எடுத்துத் தனித்தனித் துணியில் முடிந்து, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போடுங்கள். காலையில் அரை மணி நேரம் தொங்கவிட்டு எடை போடுங்கள். வைக்கோல் தன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பிடித்திருக்கும். நார்த்தூள் ஐந்து மடங்குக்குக் குறையாது. உமி வாங்கியதையெல்லாம் வடித்துவிடும். அதன் மேல்தோல் முழுக்கச் சிலிக்கா, ஈரம் உள்ளே போகாது. மில்லில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைக் கொட்டாதீர்கள். தூசியும் அதிகம்.

வைக்கோலை நான் தள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பல். 24 வயதில் கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கும். படுக்கையில் கிடக்கும் வைக்கோலைச் சரியாக அரைக்காமல் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும், குடலில் கட்டிக்கொண்டு வயிற்று வலி வரும். அப்புறம் பூஞ்சணம். இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோல் வயலில் மழை வாங்கி, அப்படியே கட்டாகச் சுருட்டப்படுகிறது. கட்டின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி உருவி உதறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் புகை மாதிரி கிளம்பினால் அந்தக் கட்டு கொட்டகைக்குள்ளேயே வரக்கூடாது. கிழக் குதிரையின் நுரையீரல் அதைத் தாங்காது.

மரப்பட்டறையில் இழைக்கும்போது விழும் சுருளும் நல்லதுதான். ஆனால் ஒட்டுப்பலகைத் தூளோ மருந்தடித்த மரமோ கலந்திருக்கக் கூடாது, ஆணி இருக்கிறதா என்றும் துழாவிப் பாருங்கள். கரும்புச் சக்கை வேண்டாம், இனிப்புக்குத் தின்றுவிடும், சீக்கிரம் புளித்தும் போகும்.

நார்த்தூள் வாங்கும்போது காய்ந்ததா என்று பிடித்துப் பாருங்கள். ஆலை வாசலில் குவித்திருப்பது பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஏற்கெனவே தண்ணீர் குடித்த தூள் மூத்திரத்தை எப்படிக் குடிக்கும்? சித்திரை வெயிலில் காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன்பே சாக்கில் கட்டிக் கூரைக்கு அடியில் அடுக்கிவிடுங்கள். தோட்டத்துக்கு விற்கும் அழுத்திய கட்டி இதற்கு ஆகாது, தண்ணீர் விடாமல் உடையாது. 12 அடிக்கு 12 அடி கொட்டகையில் நான்கு அங்குலம் பரப்ப 48 கன அடி தூள் பிடிக்கும். பரப்பும்போது குதிரை வெளியே நிற்கட்டும், தூசி அடங்கப் பூவாளியால் லேசாகத் தெளித்தால் போதும். முடிந்தால் மாட்டுக்குப் போடும் ரப்பர் விரிப்பை அடியில் போட்டு, மேலே தூள் போடுங்கள்.

காலையும் மாலையும் லத்தியையும் நனைந்த இடத்தையும் மட்டும் வாரிவிட்டு, காய்ந்ததை இழுத்து மூடினால் சரி. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் முழங்கால் போட்டுக் குனிந்து மோந்து பாருங்கள். கண் எரிந்தால் வாரியது போதவில்லை. நின்ற உயரத்தில் நாற்றம் தெரியாவிட்டாலும், படுத்தால் அதன் மூக்கு அங்கேதான் இருக்கும். நாற்றம் போகட்டும் என்று நீற்றிய சுண்ணாம்பைத் தூவாதீர்கள். அது மூத்திரத்திலிருந்து அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடும், குளம்பையும் அரிக்கும். குளம்பின் அடியில் நடுவே மெத்தென்று இருக்கும் முக்கோணத்தைத் தினமும் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். மூத்திரம் இப்போதுதான் அதிகமாகியிருக்கிறதா? அப்படியானால் எந்தப் படுக்கையும் அதற்கு மருந்தாகாது. வாளியை அளந்து வையுங்கள். 300 கிலோ குதிரை ஓய்வில் நாளுக்கு 15 லிட்டர் சுமாருக்குக் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். 30 லிட்டரைத் தாண்டினாலோ, கோடையிலும் முடி நீளமாக, உதிராமல் நின்றாலோ பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ இருக்கலாம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள், மூட்டு வலிக்கும் பல்லுக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

வாரிய தூளை நேரே வயலில் போடாமல், லத்தியோடு குவித்து ஈரம் காயாமல் மட்கவிடுங்கள். புதுப் படுக்கை போட்ட மறுநாள் காலை குதிரையின் விலாவைப் பாருங்கள். அங்கே பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால், ராத்திரி படுத்திருக்கிறது.