நூறு சதவீதத்தில் நின்றுபோன விளையாட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நருட்டோ, டிராகன் பால், ப்ளீச் போன்ற ஜப்பானிய அனிமே தொடர்களின் ரசிகர்கள் செய்த, முன்பு பிரவுசரில் ஓடிய ஃப்ளாஷ் விளையாட்டுகள் நிறையக் கிடைத்தன. பாதி, பழைய ஃப்ளாஷ் கோப்புகளை இன்றைய கணினியில் ஓட்டும் ரஃபிள் என்ற நிரலில் ஓடுகின்றன. சில நூறு சதவீதம் லோடாகி அப்படியே நின்றுவிடுகின்றன. சிலவற்றில் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. ஓடாதவற்றை அழித்துவிடலாமா? மற்றவற்றை இணையத்தில் ஏற்றினால் சட்டச் சிக்கல் வருமா? நருட்டோ அரீனா போல சர்வரை நம்பியிருந்தவற்றை மீட்க வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

எதையும் அழிக்காதீர்கள். ஓடாத கோப்புதான் பெரும்பாலும் அரிய கோப்பு. நன்றாக ஓடுகிற விளையாட்டை ஏற்கெனவே யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். ஓடாததைத்தான் ஆளாளுக்குத் திறந்து பார்த்து, கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

முதலில் டிஸ்க் முழுவதையும் ஃபோல்டர் அமைப்பும் கோப்புத் தேதிகளும் மாறாமல் இன்னொன்றில் நகலெடுங்கள். இனி வேலையெல்லாம் நகலில்தான். கண்ணில் படும் எஸ்டபிள்யூஎஃப் (ஃப்ளாஷ் விளையாட்டு) கோப்புகளோடு நின்றுவிட வேண்டாம், பார்த்த பக்கங்களின் நகல்கள் தங்கும் பிரவுசர்களின் கேஷ் ஃபோல்டர்களையும் துழாவுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கோப்பின் பெயரை விட்டுவைத்து, கடைசியில் சதுர அடைப்புக்குள் 1 என்று சேர்த்திருக்கும். குரோம் பெயரையே மாற்றி, எக்ஸ்டென்ஷன் இல்லாத கோப்பாக வைத்திருக்கும். அங்கே கோப்பின் முதல் பைட்டுகளைப் பார்த்துத்தான் அடையாளம் காண முடியும். பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் 46 57 53 என்று தொடங்குவது சுருக்கப்படாத ஃப்ளாஷ் கோப்பு, 43 57 53 என்று தொடங்குவது சுருக்கப்பட்டது. நான்காவது பைட் ஃப்ளாஷ் பதிப்பு எண். அடுத்த நான்கு பைட்டுகள் விரித்த நிலையில் கோப்பின் முழு நீளம். அதைப் பின்னாலிருந்து முன்னாகப் படிக்க வேண்டும். 00 00 20 00 என்றிருந்தால் 20,97,152 பைட். சுருக்கப்படாத கோப்பின் அளவு இதைவிடக் குறைவாக இருந்தால் டவுன்லோடு பாதியில் அறுந்த கோப்பு அது. சுருக்கப்பட்ட கோப்பை, ஃப்ளாஷ் கோப்பைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காட்டும் ஜேபெக்ஸ் டீகம்பைலரில் திறந்து பாருங்கள், அறுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே பிழை காட்டும். அறுந்ததையும் வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரிடம் முழுக்கோப்பு கிடைக்கும்போது ஒப்பிட உதவும்.

இனி, நூறு சதவீதத்தில் நிற்பவை. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிரவுசர் பிளகின் விளையாட்டுகளை ஓட்ட மறுத்தது. ஆனால் பிரவுசருக்கு வெளியே தனியாக ஓடும் அடோபியின் பிளேயரான புரொஜெக்டருக்கு அந்தத் தடை கிடையாது. ரஃபிளில் நிற்கிற கோப்பைப் புரொஜெக்டரில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் குறை ரஃபிளில்தான். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 (ஃப்ளாஷின் நிரல்மொழியின் பழைய பதிப்புகள்) கோப்புகளை ரஃபிள் நன்றாகவே ஓட்டும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவை சில இன்னும் தடுக்கும், பின்னால் வரும் பதிப்புகளில் சரியாகலாம். ஒன்று மட்டும் கவனம்: புரொஜெக்டருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரப்போவதில்லை. அறியாத கோப்புகளை இணையத் தொடர்பு இல்லாத கணினியிலோ வெர்ச்சுவல் மெஷினிலோ மட்டும் திறங்கள்.

இரண்டிலும் நின்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

மிகச் சாதாரணமானது சைட் லாக். தான் எந்த முகவரியிலிருந்து ஓடுகிறோம் என்று விளையாட்டு பார்க்கும், அனுமதித்த தளம் இல்லையென்றால் அடுத்த ஃப்ரேமுக்கே போகாது. பிற தளங்கள் விளையாட்டைத் திருடிப் போடாமலிருக்கச் செய்தவர்களே வைத்த பூட்டு இது. ஜேபெக்ஸில் ஸ்கிரிப்ட் பகுதியைத் திறந்து தளப் பெயர்களைத் தேடுங்கள். எந்தத் தளத்தை எதிர்பார்க்கிறது என்பது அங்கேயே எழுதியிருக்கும். ரஃபிளின் டெஸ்க்டாப் பதிப்பில், ‘இந்த முகவரியிலிருந்து ஓடுகிறாய்’ என்று கோப்பை நம்பவைக்கும் அமைப்பு உண்டு, அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். ஸ்கிரிப்டைத் திருத்திப் பூட்டை உடைப்பது கடைசி வழி. உடைத்தால் அதைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள், மூலக்கோப்பில் ஒரு பைட்கூட மாறக் கூடாது.

இரண்டாவது, உங்களிடம் இருப்பது லோடர் மட்டும். பத்துப் பதினைந்து பாத்திரங்கள் மோதும் சண்டை விளையாட்டு 60 கிலோபைட்டில் இருக்க வாய்ப்பில்லை. அது வாசற்கதவுதான். பாத்திரங்கள், மேடைகள், இசை எல்லாம் அது கூப்பிடும் வேறு கோப்புகளில் இருக்கும். ஸ்கிரிப்டில் எந்தப் பெயர்களைக் கூப்பிடுகிறது என்று குறித்துக்கொண்டு, அதே பெயர்களை உங்கள் டிஸ்கிலும் பிறகு பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் தேடுங்கள். கிடைத்தவற்றை ஒரே ஃபோல்டரில் கொட்டாதீர்கள். தளப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் மூல முகவரியில் இருந்த அதே துணை ஃபோல்டர்கள் என்று அடுக்குங்கள். பழைய இணைய விளையாட்டுகளைச் சேகரித்துக் காக்கும் ஃப்ளாஷ்பாயிண்ட் ஆர்க்கைவ் இப்படித்தான் வைத்துக்கொள்கிறது. விளையாட்டு பழைய முகவரியைக் கேட்டால் கணினிக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. எஸ்டபிள்யூஎஃப் கோப்பு மட்டும் விளையாட்டு ஆகாது. அது இருந்த முகவரியும், சுற்றியிருந்த வலைப்பக்கமும், கூப்பிட்ட கோப்புகளும் சேர்ந்ததுதான் விளையாட்டு. எந்த விசையை அழுத்தினால் எந்த அடி என்பது பல விளையாட்டுகளில் அந்த வலைப்பக்கத்தில் மட்டும்தான் எழுதியிருக்கும்.

மூன்றாவது, விளம்பரம். மோச்சி மீடியாவின் விளம்பரத்தை முகப்பில் செருகிய விளையாட்டுகள் ஏராளம். அந்த நிறுவனம் 2014 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. வராத விளம்பரத்துக்காகக் காத்துக்கொண்டே நிற்கும் விளையாட்டுகள் உண்டு.

கட்டங்களாகத் தெரியும் எழுத்து வேறு கதை. ஃபான்டைக் கோப்புக்குள் பதிக்காமல், பார்ப்பவர் கணினியில் இருக்கும் ஃபான்டை நம்பிச் செய்தவை அவை. ஜப்பானிய ஃபான்ட் கிடைக்கும்படி செய்தால் பெரும்பாலும் சரியாகும். கட்டங்களுக்குப் பதில் சம்பந்தமில்லாத குறிகள் தெரிந்தால் நான்காவது பைட்டைப் பாருங்கள். 05 அல்லது அதற்குக் கீழே என்றால் யூனிகோடுக்கு முந்தைய பதிப்பு, எழுத்துகள் ஷிஃப்ட் ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியீட்டில் இருக்கக்கூடும். விண்டோஸின் மொழி அமைப்பான சிஸ்டம் லோகேலை ஜப்பானியத்துக்கு மாற்றிப் புரொஜெக்டரில் திறந்து பாருங்கள்.

சண்டை விளையாட்டுகளில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். பழைய ஃப்ளாஷில் பெரும்பாலும் கணக்கு எல்லாமே ஃப்ரேமை வைத்துத்தான். நொடிக்கு 30 ஃப்ரேம் என்று எழுதிய விளையாட்டு 22-இல் ஓடினால் படம் மட்டுமா மெதுவாகும்? காம்போ அடிக்கும் இடைவெளியும் நீளும், தாவலும் தடுப்பும் கைக்கு வேறு மாதிரி படும். பழைய ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

நருட்டோ அரீனா விஷயம் கடினம். மூவர் அணி, சுற்றுக்குச் சுற்று தற்செயலாகக் கிடைக்கும் சக்ரா, எந்தத் திறனுக்கு எந்த வகைச் சக்ரா செலவாகும் என்ற கணக்கு: அந்த ஆட்டத்தின் உயிர் இதில்தான் இருந்தது. இப்படிப்பட்ட விளையாட்டுகளில் தீர்ப்பு சொல்வது சர்வர். அதன் நிரல் செய்தவர்களிடமிருந்து வந்தாலொழிய அப்படியே மீட்க முடியாது. ஆனால் பாத்திரங்களின் திறன் விளக்கப் பக்கங்கள் வேபேக் மெஷினில் எந்த அளவுக்குத் தங்கியிருக்கின்றன என்று பாருங்கள். சேமித்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்கத் தேதியை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஐ, டி, பிறகு ஓர் அடிக்கோடு சேர்த்தால், இணைப்புகள் மாற்றப்படாத மூலப் பக்கம் கிடைக்கும். தேதிவாரியாக எடுங்கள், ஏனென்றால் திறன்களின் அளவுகள் அவ்வப்போது மாற்றப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு புது சர்வர் எழுதினால் அது மறு ஆக்கம். அப்படிச் சொல்லியே வெளியிட வேண்டும்.

சட்டத்தைப் பூசி மெழுக விரும்பவில்லை. பாத்திரங்கள் உரிமையாளர்களுடையவை, நிரல் ரசிகருடையது, படங்கள் பல நேரம் வேறு விளையாட்டிலிருந்து வெட்டியவை, இசை தொடரிலிருந்து எடுத்தது. சூப்பர் ஸ்மாஷ் ஃப்ளாஷ் 2-இல் நிண்டெண்டோவின் மாரியோவும் கோகுவும் நருட்டோவும் ஒரே மேடையில் மோதுகிறார்கள். ஒருவரிடம் கேட்டு முழு அனுமதி வாங்குவது நடக்காத காரியம். நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். உங்கள் டிஸ்கில் காப்பது வேறு, ஊருக்குப் பரிமாறுவது வேறு. என் கருத்து, தனித் தளம் தொடங்காதீர்கள், விளம்பரத்தோடு போடவே போடாதீர்கள். ஃப்ளாஷ்பாயிண்டில் இப்போதே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் அசைபடங்களும் இருக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள். இல்லாதவற்றை அவர்களிடம் சேருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வேறாக இருந்தால் அது இன்னொரு பதிப்பு, அதையும் கொடுங்கள்.

ஒவ்வொன்றோடும் மூல முகவரி, கோப்புத் தேதி, பதிப்பு, முகப்பில் உள்ள பெயர்கள் ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வையுங்கள். பள்ளி நாட்களில் செய்து ஒரு புனைபெயரை மட்டும் போட்டுவிட்டுப் போனவர்கள் பலர். அந்தப் புனைபெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள், அதற்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடி வெளியிடாதீர்கள். அவரே வந்து எடுக்கச் சொன்னால், நீங்கள் ஏற்றியதை எடுத்துவிடுங்கள்.