லாக்ஸ்டன்: வேலி போடாத ஊர் – கேள்வி பதில்

வயல்காட்டான்: லாக்ஸ்டன் என்று ஓர் இங்கிலாந்து கிராமத்தை அடிக்கடி சொல்கிறீர்கள். அப்படி என்ன விசேஷம்?

நாட்டிங்காம்ஷயரில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. கனத்த களிமண் பூமி. ஊரைச் சுற்றி வெஸ்ட் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட், மில் ஃபீல்ட் என மூன்று பெரிய வயல்கள். ஒவ்வொன்றிலும் பல குத்தகைக்காரர்களுக்குத் துண்டு துண்டாக நிலம். இடையில் வேலி கிடையாது. இடைக்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இருந்த முறைதான். டெவனில் பிரான்டன் போன்ற இடங்களில் மிச்சம் மீதி உண்டு. ஆனால் வயலும் அதை ஆளும் கோர்ட்டும் சேர்ந்து இன்றும் நடப்பது இங்கேதான்.

பொன்னி: ஒருவருக்கு ஒரே இடத்தில் நிலத்தைக் கொடுத்தால் அலைச்சல் மிச்சமாகுமே?

மிச்சமாகும். ஆனால் நல்ல மண் ஒருவருக்கு, தண்ணீர் தேங்கும் பள்ளம் இன்னொருவருக்கு என்றாகிவிடும். அப்புறம், பயிர்ச் சுழற்சி இருக்கிறது: ஒரு வருடம் குளிர்காலக் கோதுமை, அடுத்த வருடம் வசந்தகால விதைப்பு, மூன்றாம் வருடம் தரிசு. எல்லா நிலமும் ஒரே வயலில் இருந்தால் தரிசு வருடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டு. ஏர் ஓட்டுபவர்களையும் அறுப்பவர்களையும்கூடக் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கினார்கள்.

கரிசல்: வரப்புத் தகராறு வராதா?

வராமல் இருக்குமா! அதற்குத்தான் கோர்ட் லீட் என்ற பழைய ஊர்க் கோர்ட். நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகளே ஜூரியாகி, அந்த வருடம் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். யாராவது பாதையையோ பொதுப் புல்வெளியையோ உழுது தன் துண்டோடு சேர்த்திருந்தால் சரியான எல்லையில் முளை அடிப்பார்கள். வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருந்தாலும் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற மதுக்கடையில் கோர்ட் கூடி அபராதம் போடும். தொகை அற்பம்தான், பக்கத்துத் துண்டுக்காரன் முன்னால் பெயர் வாசிக்கப்படுவதுதான் உண்மையான தண்டனை என்பேன்.

மழைத்துளி: மற்ற ஊர்களெல்லாம் வேலி போட்டபோது இது எப்படித் தப்பியது?

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களால் ஊர் ஊராகப் பொது வயல்களைத் தனித்தனிப் பண்ணைகளாகப் பிரித்து வேலி போட்டார்கள். இங்கே பெரிய நிலக்கிழார்கள் இருவர்: மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஊரார் பழமையைப் போற்றினார்கள் என்று கதை கட்ட வேண்டாம். 1952-இல் இந்த நிலத்தை விவசாய அமைச்சகம் வாங்கியது, 1981-இல் அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. அது மேன்வர்ஸ் வழியினருடையது. சுற்றிச் சுற்றிப் பழைய வீட்டுக்கே வந்துவிட்டது!

பொன்னி: போனால் எதைப் பார்ப்பது?

ஊருக்கு வடக்கே 12-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் மண்மேடு. தெருவில் நடக்கும்போது பண்ணை வீடுகளைக் கவனியுங்கள்: பல செங்கல் வீடுகளின் பக்கச் சுவர்தான் தெருவைப் பார்க்கும், தொழுவமும் களஞ்சியமும் பின்னால் நீளும். நிலம் மூன்று பக்கமும் சிதறிக் கிடப்பதால் எல்லோரும் ஊர் நடுவிலேயே பண்ணை வைத்தார்கள். ஜூன் மாதம் என்றால் சைக்ஸ் எனப்படும் ஓடையோரப் புல்வெளிகளில் காட்டுப்பூக்கள் நிறையப் பூத்திருக்கும். காயவைத்து மாட்டுத் தீவனமாக்க அந்தப் புல்லை ஏலம் விடுவதும் அந்தச் சமயத்தில்தான்.