மைக்கும் தொண்டையும் - கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் (ஒவ்வொரு நாடகத்துக்கும் நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தி நடத்துவது) ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், கட்டியவர். இப்போது 78 வயது. அந்தக் கால நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுகளை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தினமும் அதைத்தான் கேட்கிறார். இன்றைய பாட்டு எதைப் போட்டாலும், "காதுகிட்ட வந்து முணுமுணுக்கிறான், இதெல்லாம் ஒரு சாரீரமா? மைக் வந்து குரலையே கெடுத்துருச்சு" என்கிறார். எனக்கோ கிட்டப்பாவைக் கேட்டால் கத்துவதுபோல் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லப் பயம். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

இன்னொன்று. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மாலைக்குள் குரல் கம்மிவிடுகிறது. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் வாங்கலாமா என்றேன். அதற்கும் அப்பா சிரிக்கிறார்.

ஒரு வாசகி
புதுக்கோட்டை மாவட்டம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். இந்த வழக்கில் நான் மைக் பக்கம்.

ஆனால் கிட்டப்பா கத்தவில்லை. செங்கோட்டையில் 1906-ல் பிறந்து 1933 டிசம்பரில் 27 வயதிலேயே போய்ச் சேர்ந்தவர் அவர். அவர் பாடி வளர்ந்த கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைக்கோடியில் நிற்பவனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான், அவனுக்கும் கேட்டாக வேண்டும். ஐந்து கட்டைக்கு மேல் பாடியவர் என்று அவரைச் சொல்வார்கள். கட்டை என்பது பாடகரின் சுருதி அளவு. ஐந்து கட்டை என்றால் ஆதார சட்ஜமே, அதாவது பாட்டு தொடங்கி வந்து நிற்கும் 'ச' சுரமே, வினாடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வு. இன்று கச்சேரி செய்யும் ஆண்களில் பெரும்பாலோர் ஒரு கட்டை, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டில் நிற்கிறார்கள். ஒரு கட்டை என்பது 131 அதிர்வுதான். கிட்டப்பாவின் சுருதி இன்றைய பாடகிகளின் சுருதி.

மனிதக் காதுக்கு 2000 முதல் 5000 அதிர்வு வரையிலான ஒலி சட்டென்று உறைக்கும். உச்சத்தில் அழுத்திப் பாடும்போது குரலில் அந்தப் பகுதி தூக்கலாக வரும். நாடகக்காரர்களுக்கு இந்த எண்கள் தெரிந்திருக்காது. கூட்டத்தின் இரைச்சலை எது கிழித்துக்கொண்டு போகும் என்பது தெரியும். அப்படி ஒரு பர்லாங்குக்கு எறிந்த குரலை நீங்கள் இயர்போனில், காதிலிருந்து அரை அங்குலத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். உறுத்தத்தான் செய்யும்.

அப்பாவைச் சீண்ட ஒரு விஷயமும் தருகிறேன். 78 வயது என்றால் கிட்டப்பா இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அவர் பிறந்திருக்கிறார். மைக் இல்லாத அந்தக் குரலை அவரும் கருவி வழியாகத்தான் கேட்டிருக்கிறார். அவர் மேடையேறிய நாட்களில் நாடகத்துக்கு ஒலிபெருக்கியும் வந்துவிட்டிருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குரலுக்கு ஒரு விலை இருந்தது, அதை ரசிகர்கள் யாரும் பேசுவதில்லை. சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்கு மகரக்கட்டு வந்தால், அதாவது குரல் உடைந்தால், பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல்வளை வளர்ந்து குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இயற்கையாக நடப்பதுதான். ஆனால் நேற்றுவரை பாலபார்ட்டிலும் (சிறுவன் வேஷம்) ஸ்திரீபார்ட்டிலும் (பெண் வேஷம்) கொடிகட்டிப் பறந்த பையன் இன்று வேஷம் இல்லாமல் திரை இழுத்துக்கொண்டிருப்பான். உடைந்த குரல் மறுபடி உச்சத்துக்கு ஏறினால் ராஜபார்ட். ஏறாவிட்டால் அவனை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? மைக் இல்லாத மேடை ஒரே ஒரு வகைத் தொண்டையை மட்டும் அனுமதித்தது. கிட்டப்பாவைக் கேட்கும்போதெல்லாம், அந்த வாசலில் நின்றுபோன மற்ற குரல்கள் எப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடும்.

தணிந்த குரலுக்கு அன்று இடமே இல்லாமல் இல்லை. தாலாட்டு ஒரே ஒரு ஜோடிக் காதுக்குப் பாடுவது. அதே பெண் இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தால் தெருமுனை வரை கேட்கும். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு குரல் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாளின் வீட்டு வெள்ளிக்கிழமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1938-ல் இறந்த அந்த அம்மாள் வீணையை மெல்ல மீட்டி, கூடவே மெல்லப் பாடுவார். பெரிய வித்வான்களெல்லாம் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்பார்கள். அற்புதம்தான். ஆனால் அதைக் கேட்க அந்த வீட்டுக்குள் நுழையும் தகுதி வேண்டும். நுணுக்கம் என்பது ஓர் அறைக்குள் அடங்கும் சிலருக்கு வாய்த்ததாகவும், திடலில் நின்ற ஜனங்களுக்கு உச்சஸ்தாயி மட்டுமே கிடைத்ததாகவும் இருந்தது. மைக் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்: அறைக்குள் இருந்த தணிவைத் திடலுக்குக் கொண்டுவந்தது. சினிமாவில் பாடிய ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஒரு தலைமுறை முன்னால் பிறந்திருந்தால் வீட்டுக் கொலுவில் பாடிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

பாட்டு மட்டுமில்லை. அண்ணாவின் கரகரப்பையும் கலைஞரின் கட்டைக் குரலையும் வைத்துக்கொண்டு கிட்டப்பா காலத்து மேடையில் எடுபட்டிருக்க முடியுமா? சந்தேகம்தான். மைக் முன்னால் அந்தக் கரகரப்பே அவர்களின் அடையாளமாயிற்று. (மைக் இல்லாவிட்டாலும் கவலைப்பட்டிருக்காதவர் நாகூர் ஹனிபா. அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும் என்று ஊகிக்கிறேன்.)

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது எம்.ஜி.ஆர். குரல். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. சுட்டவர், சுடப்பட்டவர் இருவருமே பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள், தொண்டை போனால் என்ன ஆகும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவர்கள். பிழைத்து வந்த எம்.ஜி.ஆருக்குப் பழைய உச்சரிப்பு திரும்பவில்லை. சொற்கள் குழறின. வேறு யாரையாவது வைத்து டப்பிங் செய்திருக்கலாம், பாட்டுக்கு டி.எம். சௌந்தரராஜன் இருந்ததுபோல. அவர் செய்யவில்லை. அந்தக் குரலோடு இன்னும் பத்து ஆண்டுகள் கதாநாயகனாக நடித்தார், அதே குரலில் "ரத்தத்தின் ரத்தமான" என்று தொடங்கித் திடல்களில் பேசினார், 1977-ல் முதல்வரானார். பாதிச் சொற்கள் புரியாவிட்டாலும் ஜனங்கள் வெயிலில் காத்திருந்து கேட்டார்கள். மிமிக்ரிக்காரர்கள் இன்றும் எடுத்துக்கொள்வது குண்டடிக்குப் பிந்தைய குரலைத்தான். முந்தைய தெளிவான குரலைச் செய்தால் கூட்டத்துக்கு அடையாளம் தெரியாது. அந்தத் தொண்டைக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், கேட்கும்போது அதையும் சேர்த்தே கேட்டார்கள்.

மைக்கால் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். தெருக்கூத்தில் பல இடங்களில் ஆடுகளமான களரியின் நடுவே மைக்கைத் தொங்கவிடுகிறார்கள். ஆடிக்கொண்டிருப்பவர் வசனம் வந்ததும் அதற்கடியில் வந்து நிற்கிறார். களரி முழுக்கச் சுற்றிய ஆட்டம் ஒரு கம்பத்தடியில் சுருங்கிப்போகிறது. அங்கே போனால் நானும் உங்கள் அப்பா கட்சிதான். கோயில் விழாக்களில் கூம்பு ஸ்பீக்கரை அலறவிட்டு, போதாததற்கு எதிரொலியும் சேர்ப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

உங்கள் ஸ்பீக்கர் விஷயம். வாங்குங்கள், இந்த வாரமே. மின்விசிறி ஓடும் வகுப்பில் ஐம்பது பிள்ளைகளின் சத்தத்தை மிஞ்சிக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தால் குரல்நாண்கள் நாள் முழுக்க ஒன்றோடொன்று மோதித் தடித்துவிடும், சிலருக்கு முடிச்சும் விழும். ஆசிரியர்களுக்கு அதிகம் வரும் தொல்லை இது. கிசுகிசுப்பாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம், பலருக்கு அது கூடுதல் சிரமம். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், கனைப்பதைக் குறையுங்கள். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்பா சிரித்தால், இத்தனை ஆண்டு ராஜபார்ட் கட்டிய தொண்டைக்கு அவர் என்ன வைத்தியம் பார்த்துக்கொண்டார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். மிளகும் பனங்கற்கண்டும் தவிர வேறு ஏதாவது நிச்சயம் இருந்திருக்கும்.