அபார்த் புன்டோ: டர்போவை மாற்றும் முன் கிளட்சைப் பாருங்கள்

பாபநாசம் தாண்டி லாரியை முந்தும்போது உங்கள் ஃபியட் அபார்த் புன்டோ காரில் நாலாவது கியரில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) முள் மட்டும் எகிறுகிறது, வண்டி போகவில்லை, மெக்கானிக் டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் பாகம்) மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். டர்போ பலவீனமானால் ஆர்பிஎம், வேகம் இரண்டுமே மெதுவாகத்தான் ஏறும். ஆர்பிஎம் மட்டும் தனியாக ஓடினால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் வழுக்குகிறது.

காலியான நேர்சாலையில், நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். இந்த எஞ்சின் தன் முழு 212 நியூட்டன் மீட்டர் டார்க்கையும் (சுழற்றும் விசை) கொடுக்கத் தொடங்கும் இடம் அது. தேய்ந்த கிளட்ச் முதலில் தோற்பதும் அங்கேதான். ஊருக்குள் முதல், இரண்டாவது கியரில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரிரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் கிளட்ச் உரசும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீல் சூடாகிக் கெடும்.

கிளட்ச் தேய்ந்தால் பெடல் மேலே வந்து பிடிக்கும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தை ஓரளவு தானே ஈடுகட்டிவிடும். கருகிய வாடை வந்தால் சந்தேகமே இல்லை. அறுவடைக் காலத்தில் நெல் டிராக்டருக்குப் பின்னால் அரை கிளட்சில் ஊர்வது நம் பக்கத்து வண்டிகளுக்குப் பெரிய கேடு.

சரி, கிளட்சை மாற்ற கியர்பாக்ஸை இறக்கினால் அதன் பாகங்களான டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம், எஞ்சின் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்று நேரில் நின்று பாருங்கள். கசிவை அப்படியே விட்டால் எண்ணெய் பட்டுப் புது டிஸ்க்கும் வழுக்கும்.