பழைய தண்ணீர்த்தொட்டிக் கூலரில் மோட்டார் ஓடியும் தண்ணீர் சுழலவில்லை. கோளாறு எங்கே இருக்கும்?

1950களில் அமெரிக்கக் கடைகளில் இருந்த, பாட்டில்களைத் தண்ணீருக்குள் நிறுத்திக் குளிர வைக்கும் பெட்டியை வாங்கியிருக்கிறீர்கள். கம்ப்ரசரும் பம்ப் மோட்டாரும் ஓடுகின்றன, சுவரோரம் பனிக்கட்டியும் கட்டுகிறது, ஆனால் நடுவிலுள்ள பாட்டில்கள் குளிர்வதில்லை என்கிறீர்கள். ஒஹையோவில் என் வீட்டு கராஜில் உள்ள இதே வகைப் பெட்டியும் ஒரு கோடையில் இப்படித்தான் படுத்தியது. பனி கட்டுகிறது என்றால் குளிரூட்டும் பகுதி வேலை செய்கிறது என்று பொருள். ஆகவே கம்ப்ரசர் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலெழும். இதனால், பனிக்கட்டியை ஒட்டிய தண்ணீர் தானாக இறங்கி எல்லாப் பாட்டில்களையும் சுற்றி வரும் என்று நம்பியிருக்க முடியாது. பம்ப் தள்ளினால்தான் குளிர் பரவும்.

மோட்டார் சத்தத்தை நம்பி நான் இரண்டு வாரம் ஏமாந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்பை வெளியே எடுத்து, அதன் தண்டிலும் அடியிலுள்ள விசிறியிலும் ஒரே நேர்கோட்டில் மார்க்கரால் கோடு போட்டேன். தண்டைக் கையால் திருப்பியபோது மேல்கோடு நகர்ந்தது, கீழ்கோடு அப்படியே நின்றது. விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறு திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். தண்டு கையாலும் சுற்ற மறுத்தால் பேரிங் இறுகியிருக்கலாம். மோட்டாரில் எண்ணெய்க் குழி இருந்தால் மின்மோட்டாருக்கான எண்ணெய் சில சொட்டு விட்டுப் பாருங்கள்.

திருகு சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது பம்ப் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சுவாயின் வலை. அந்தக் காலத்துக் கோலா பாட்டில்களில் பெயர் கண்ணாடியிலேயே இருந்தது. நாமோ காகித லேபிள் ஒட்டிய பீர் பாட்டில்களை அடுக்குகிறோம். காகிதம் ஊறி உரிந்து, துருவோடு சேர்ந்து கூழாகி வலையை அடைத்துவிடுகிறது. என் பெட்டியில் அந்தக் கூழை ஒரு கரண்டி அள்ளினேன். பம்பில் உப்புப் படிந்திருந்தால் தனியே கழற்றி வினிகரில் ஊற வைக்கலாம். தொட்டிக்குள் மட்டும் வினிகரை ஊற்றாதீர்கள், துத்தநாகப் பூச்சு போட்ட தகடாக இருந்தால் அந்தப் பூச்சை அமிலம் அரித்துவிடும்.

பனிக்கட்டி அளவுக்கு மீறி வளர்ந்து உறிஞ்சுவாயையே மூடிக்கொள்வதும் உண்டு. தெர்மோஸ்டாட்டின் உணர்குமிழ், பனி கட்டும் சுருள்குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தடிமனுக்குத்தான் பனி கட்டும். பனி குமிழைத் தொட்டதும் கம்ப்ரசர் நிற்க வேண்டும். பழைய பிடிப்பான் உடைந்து குமிழ் விலகியிருந்தால் பனி நிற்காமல் வளரும். அந்தப் பனியைத் திருப்புளியால் குத்தவே கூடாது. குழாயில் துளை விழுந்தால், பெரும்பாலான இவ்வகைப் பெட்டிகளில் உள்ள ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். 1996 முதல் அமெரிக்காவில் அதன் உற்பத்தியே இல்லை. மூடியைத் திறந்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பொறுமையாக உருக வையுங்கள்.

மறுபடி மின்சாரம் கொடுக்கும் முன் ஒயரை வளைத்துப் பாருங்கள். ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கோடு தண்ணீர்ப் பெட்டியை ஓட்டுவது விஷப்பரீட்சை. எலக்ட்ரீஷியனிடம் எர்த் உள்ள ஒயரைப் போடச் சொல்லி, மின்கசிவில் தானாகத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாயின்ட்டில் மட்டும் செருகுங்கள்.

பிறகு உறிஞ்சுவாய் முழுவதும் மூழ்கும்வரை தண்ணீர் நிரப்பி, கேசரிப் பவுடர் கரைசலில் ஒரு சொட்டைப் பம்பின் வெளிவாய் அருகே விடுங்கள். என் தொட்டியில் அந்த ஆரஞ்சு இழை ஒரு நிமிடத்துக்குள் எதிர்ச்சுவரைத் தொட்டது. கோளாறு இருந்த நாளில் விட்ட இடத்திலேயே கலங்கி நின்றது.