அட்டையைக் கிழித்துவிட்டு பைண்டு போடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கு மாம்பலத்தில் இருந்த என் பெரியப்பா காலமானபின் அவருடைய இரண்டு தகரப் பெட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்றில் எழுத்து, நடை, கசடதபற என அறுபது சொச்சம் சிற்றிதழ்கள். இன்னொன்றில் பழைய கவிதைத் தொகுப்புகள், சட்டம் போட்ட இரண்டு கோட்டோவியங்கள், அடியில் பென்சிலால் 7/20 என்று எழுதியிருக்கும் ஓர் அச்சோவியம். தெரிந்த பைண்டர் ஒருவர், இதழ்களை வருஷவாரியாகச் சேர்த்து காலிகோ பைண்டு போட்டால் பத்திரமாக இருக்கும் என்கிறார். அட்டைகளை லேமினேட் செய்யலாம் என்கிறார் என் மைத்துனர். எனக்கு இவற்றைப் பாதுகாக்கவும், மாதம் மூவாயிரம் ரூபாய் ஒதுக்கி மேற்கொண்டு சேகரிக்கவும் ஆசை. எங்கே தொடங்குவது?

வி., பெரம்பூர்

அன்புள்ள வி.,

பைண்டரிடம் கொடுக்காதீர்கள். லேமினேட்டும் வேண்டாம். இந்த இரண்டையும் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பைண்டு போடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் அட்டையும் விளம்பரப் பக்கங்களும் போகும். முதுகிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஊசியால் குத்திப் பக்கவாட்டில் தைப்பார்கள், உள் ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் மறைந்துவிடும். பிறகு மூன்று பக்கமும் கத்தியில் கொடுத்துச் சீவுவார்கள். ஐம்பது வருஷத் தாள் வளையாது. கனமான தொகுதியை விரித்துப் பிடித்தால் தையலை ஒட்டியே ஒடியும். பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கமும் உண்டு. அதிலுள்ள செம்பு தாளை இன்னும் வேகமாகப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும்.

இழப்புகளில் பெரியது அட்டைதான். மாதம், விலை, முகவரி, சந்தா விவரம், எந்த அச்சகம் என்பதெல்லாம் பெரும்பாலும் அட்டையிலோ அதன் உட்புறத்திலோதான் இருக்கும். அதைவிட முக்கியமாக, நம் ஊரில் நவீன ஓவியமும் நவீன இலக்கியமும் சந்தித்துக்கொண்ட இடமே அந்த அட்டைதான். 1944இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. பெரியமேட்டுக் கலைக் கல்லூரியில் படித்து வந்த ஆதிமூலம், பாஸ்கரன் போன்றோர் தங்கள் கோடுகளைச் சிற்றிதழ்களுக்குக் கொடுத்தார்கள். இதற்கு அச்சுத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. புகைப்படம் போன்ற படங்களுக்கு ஆஃப்டோன் பிளாக், அதாவது படத்தைப் புள்ளிகளாகப் பொறித்த அச்சுத் தகடு, வேண்டும். அதற்குச் செலவு அதிகம், மட்டத் தாளில் சேறாக விழும். கறுப்பு மைக் கோட்டோவியத்துக்குக் கோடுகளை மட்டும் பொறித்த லைன் பிளாக் போதும். மலிவு, மட்டமான தாளிலும் கூர்மையாகப் பதியும். இருநூறு முந்நூறு சந்தாதாரர்களை நம்பி நடந்த பத்திரிகைக்குக் கட்டுப்படியானது அதுதான். இப்படித்தான் அந்தக் காலத்துக் கோட்டோவியம் நம் புதுக்கவிதையின் முகமாக ஆனது. அந்த முகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கவிதையை மட்டும் தைத்து வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

இனி உங்கள் கையில் இருப்பவற்றுக்கு வருகிறேன்.

தகரப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பெட்டியின் துரு தாளில் ஏறும். மூடிய தகரத்துக்குள் ஈரம் போனால் வெளியே வராது. மின்விசிறிக்கு நேராக இல்லாமல், வெயில் படாத மேஜையில் ஒவ்வோர் இதழாக வைத்து, அகலமான மென்மயிர்ப் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசு தட்டுங்கள். ஈரத் துணி படவே கூடாது. பஞ்சு போலப் பூஞ்சை தெரிந்தால் அந்த இதழைத் தனியே வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலோட்டமாகச் சுரண்டியது போல் அட்டை அரிக்கப்பட்டிருந்தால் அது ராமபாணப் பூச்சி. துளை போட்டுச் சுரங்கம் மாதிரி போயிருந்தால் வண்டுப் புழு. இரண்டுக்கும் வழி ஒன்றுதான். இதழைக் காற்று போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் விட்டு, அதன்பின் பிரியுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி உங்களுக்குத்தான் கெடுதல், புழுவுக்கு அவ்வளவாக இல்லை. தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கற்பூரம் சேர்த்த பொடியைத் துணி முடிச்சாக வைப்பார்கள். அலமாரியின் மூலையில் அப்படி ஒரு முடிச்சு வைக்கலாம், தாளைத் தொடாமல்.

ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருக்கும். இழுத்துப் பிடுங்கினால் தாள் கையோடு வரும். நடுப்பக்கத்தை விரித்து, உள்ளே மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமிருந்து மெல்ல வெளியே எடுங்கள். பிறகு அதே துளைகளின் வழியே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, நடுப்பக்கத்தில் தளர்வாக முடிச்சிடுங்கள். இறுக்கினால் நூலே தாளை அறுக்கும்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிற்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்க முயலவும் வேண்டாம். நல்ல வழி ஜப்பான் டிஷ்யூ என்னும் மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பொருளில் செய்த பசையும். ஒரு பங்கு கோதுமை ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் இருபது முப்பது நிமிடம் விடாமல் கிளறி, ஆறியபின் சல்லடையில் இரண்டு முறை தேய்த்தெடுக்க வேண்டும். மைதாவில் பசைச் சத்து கலந்திருப்பதால் நாளாக ஆக மஞ்சளாகும், பூச்சிக்கும் பிடிக்கும். பழகாமல் இதழின் மேல் கைவைக்காதீர்கள். பழைய வார இதழ் ஒன்றைக் கிழித்து ஒட்டிப் பாருங்கள். லேமினேஷனில் உள்ள சிக்கலும் இதுவே: சூடும் பசையும் சேர்ந்து ஏறியபின் திரும்ப வழி கிடையாது, தாளுக்குள் இருக்கும் அமிலம் வெளியேறாமல் உள்ளேயே தின்னும்.

ஒவ்வோர் இதழையும் அமிலமற்ற தாளில் மடித்து, அதேபோன்ற அட்டைப் பெட்டியில் பத்துப் பத்தாகப் படுக்க வையுங்கள். நிறுத்தி வைத்தால் மெல்லிய இதழ் வளைந்துவிடும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டக் கூடாது, நான்கு விரல் இடைவெளி வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து குறைந்தது அரை அடி உயரத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, தரைத்தளம் என்றால் மேல்தட்டிலேயே வையுங்கள். காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி, கொஞ்சம் நல்லதாக ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அது சாதாரணம். அப்போது சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே வைத்து, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பதைவிட ஏசியே இல்லாமல் இருப்பது மேல். ஏறி இறங்கும் ஈரத்தில்தான் தாள் அலுத்துப்போகிறது.

கோட்டோவியங்களில் முதலில் கண்ணாடியைப் பாருங்கள். ஓவியத்தின் மேல் கண்ணாடி நேரே உட்கார்ந்திருந்தால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே போய் யோசனை கேளுங்கள். ஒட்டவில்லை என்றால் சட்டத்தை மாற்றிவிடலாம். பழைய சட்டங்களில் முதுகுக்கு ஹார்ட்போர்டு வைத்து, ஓவியத்தை அதன் மேல் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். புதிய சட்டத்தில் பஞ்சுக் கூழால் செய்த அட்டையில் ஜன்னல் வெட்டிப் போடச் சொல்லுங்கள், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். ஓவியத்தை மேல் விளிம்பில் இரண்டு டிஷ்யூக் கீல்களில் மட்டும் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாகிவிடும். இந்தியன் இங்க் எனப்படும் கரி மை வெளிச்சத்தில் மங்காது. பால்பாயின்ட், ஸ்கெட்ச் பேனா மங்கும். எந்த மை என்று தெரியாவிட்டால் ஆறு மாதம் சுவரில், ஆறு மாதம் பெட்டியில்.

7/20 என்றால் மொத்தம் இருபது பிரதிகள், இது ஏழாவது எண் கொண்டது. முதல் எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பதெல்லாம் பேச்சு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிப் பாருங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அமுங்கியிருந்தால் எட்சிங்காக, அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்த அச்சாக, இருக்கலாம். கிரேயான் தேய்த்தது போன்ற மணல்பொடி, அமுங்கல் இல்லை என்றால் கல்லில் வரைந்து எடுக்கும் லித்தோகிராஃப். பட்டையான கறுப்பு, விளிம்பில் மை சற்றுத் தடித்து நின்றால் லினோலியத்தில் செதுக்கிய லினோகட் அல்லது மரக்கட்டை அச்சு. வரிசை வரிசையாக ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல், கீழே பென்சிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கவிதைத் தொகுப்புகள் முதல் பதிப்புதானா என்று பார்க்க, பதிப்புப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். முதல் பதிப்பின் ஆண்டை மட்டும் அச்சிட்ட மறுபதிப்புகள் ஏராளம். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன். நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். முகவரியில் சென்னை-5 என்றில்லாமல் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எழுத்துருதான். லை, னை, ணை ஆகியவற்றில் மேலே யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தால் பழைய அச்சு, இப்போது நாம் எழுதுவது போல இருந்தால் பெரும்பாலும் 1978 சீர்திருத்தத்துக்குப் பிறகானது. 1965 என்று போட்ட கவிதை நூலில் புதிய 'லை' இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய 'லை' இருப்பதால் மட்டும் பழையது என்று முடிவுகட்ட முடியாது, பல அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளை வெகுகாலம் விடவில்லை. பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவுங்கள், எழுத்து லேசாகப் புடைத்திருந்தால் ஈய எழுத்தில் அச்சானது.

மாதம் மூவாயிரத்துக்கு ஓவியமும் புத்தகமும் சேர்த்து எல்லாவற்றையும் துரத்தினால் கடைசியில் மிஞ்சுவது பழைய பேப்பர்தான். பெரியப்பா ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்: நம் ஓவியர்களின் அட்டையோடு வந்த சிற்றிதழ்கள், கவிதை நூல்கள், ஏறக்குறைய 1968 முதல் 1980 வரை. கையில் ஏற்கெனவே இருக்கும் எழுத்து மட்டும் இதற்கு முந்தியது, 1959 ஜனவரியில் தொடங்கி 1970இல் 119 இதழ்களோடு நின்றது. உங்களிடம் உள்ள எண்களைப் பட்டியலிட்டால் இடைவெளி எங்கே என்று தெரிந்துவிடும். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் பழைய புத்தகம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, மயிலாப்பூர் லஸ், சென்ட்ரல் பக்கத்துக் கடைகள் என்று சுற்ற வேண்டும். வாங்குமுன் பக்கங்களை எண்ணுங்கள், நடுத்தாள் விழுந்திருப்பது மிகச் சகஜம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய இதழ்களின் ஸ்கேன் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் குறை தெரியும். அட்டை இல்லாத பிரதியை, படிக்க வேண்டும் என்றால் தவிர, வாங்காதீர்கள்.

ஓவியத்துக்கு அவசரம் வேண்டாம். பத்து மாதம் சேர்த்தால் முப்பதாயிரம். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதெமியில் அச்சோவியக் கண்காட்சிகளைத் தொடர்ந்து பாருங்கள், சோழமண்டலத்து அருங்காட்சியகத்தில் அந்தத் தலைமுறையின் அசல்களை நின்று பாருங்கள். கண் பழகியபின் வாழும் கலைஞரிடம் நேரடியாக ஓர் அச்சோவியம் வாங்கலாம். ரசீதில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, பிரதி எண் ஐந்தும் இருக்க வேண்டும். பெயர்பெற்ற ஓவியரின் கோட்டோவியம், ரசீது இல்லாமல், மலிவாக வந்தால் விட்டுவிடுங்கள். ஓவியம் உங்களுடையது என்றாலும் அதை அச்சிட்டு விற்கும் உரிமை உங்களுக்கு வராது. பதிப்புரிமை கலைஞர் இறந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். 2008இல் மறைந்த ஆதிமூலத்தின் படங்களுக்கு 2068 முடியும்வரை.

ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எங்கிருந்து வந்தது, என்ன விலை, எந்தப் பக்கம் கிழிசல் என்று எழுதுங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பட்டியல் தயாரானதும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பி, அவர்களிடம் இல்லாத இதழ் எதுவும் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். இரட்டைப் பிரதி இருந்தால் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

இன்னொன்று. தபாலில் வந்த இதழ்களைச் சுற்றியிருந்த பழுப்புத் தாள் பட்டை, அதில் பெரியப்பாவின் பெயரும் தபால் முத்திரையும், ஏதாவது பெட்டியின் அடியில் கிடக்கலாம். குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த இதழோடு வந்ததோ அதே உறைக்குள் வையுங்கள்.